பெயர் வரும் இடத்தில் ஈ மேஜர்

நிரோஜா அந்தப் பாட்டை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கல்வெட்டில் வந்த பிழை.

ஒழுங்காகச் சொல்வதென்றால் போன வருஷம் ஆவணியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மாதந்தான் அவளுடைய அப்பா இராசநாயகம் காலமானார். உரும்பிராயில் தோட்டத்து இறைப்பு மெசின் பழுதானால் முதலில் தேடுவது அவரைத்தான். முப்பது வருஷம் மெசின் சத்தத்துக்குள்ளேயே நின்றதில் இடது காது முற்றாக அடைத்துப் போயிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு எல்லா வீட்டையும் போல அவர்களும் கல்வெட்டு அடித்தார்கள். செத்தவரின் படம், குடும்ப விபரம், தேவாரம், அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுகளாகப் போகும் சின்னப் புத்தகம். அச்சகத்தில் இந்தப் புலம்பல்கள் முன்னரே எழுதித் தயாராக இருக்கும். பேரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், ஒருவரும் குறை சொல்வதில்லை.

இராசநாயகத்தின் கல்வெட்டில் ஏழாம் பக்கத்தில் பேரை மாற்ற மறந்துவிட்டார்கள். ‘கழனி காத்த கரமே, எங்கள் வேலுப்பிள்ளை அப்பாவே’ என்று கிடந்தது. இராசநாயகம் சீவியத்தில் ஒரு பரப்புத் தோட்டமும் செய்தவரில்லை. முந்நூறு புத்தகம். அந்தியேட்டிக்கு முதல் நாள் பகல் முழுக்க நிரோஜாவும் தாய் பத்மாவதியும் நிலத்தில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாய் விரித்து, வேலுப்பிள்ளையைக் கறுத்தப் பேனையால் வெட்டினார்கள். நூறு தாண்டிய பிறகு பத்மாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிரோஜாவுக்கு வரவில்லை. முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அப்பாவுக்கென்று ஒரு பாட்டு எழுதி, தானே இசையமைத்து, தானே பாட வேண்டும், அது வேறு எவருக்கும் பொருந்தாத பாட்டாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டாள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதற் தரம் கேட்பது திவசத்தன்றுதான் என்று வைத்திருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதர் வேலை. பள்ளிக்கூட நாளில் கர்நாடக சங்கீதம் நாலாம் தரம் வரைக்கும் சோதனை எடுத்தவள். கிற்றார் தொட்டதில்லை. யாழ்ப்பாணம் ரவுணில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அங்கே படப்பாட்டு வாசிக்கப் பழக்கினார்கள், மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் கோர்ட் ஒன்றுக்குப் பிறகு மற்றது ஏன் வருகிறது என்று சொல்லவில்லை. கேட்டதற்கு, கை பழகினால் காது தானாய்ச் சொல்லும் என்றார் படிப்பித்தவர்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவன் மயூரதன். கொழும்புத்துறைக்காரன், கலியாணவீடு சாமத்தியவீடுகளுக்கு வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கும் தொழில். கை வேகம், சுரக் கணக்குத் தெரியாது. அவளுக்குக் கணக்கு விளங்கும், விரல் போகாது. வகுப்பு முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மேஜர் ஸ்கேல் என்று இங்கிலீஷில் பயமுறுத்துவது நம்முடைய சங்கராபரணந்தான் என்று அவள் சொன்ன அன்று அவன் கிற்றாரை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தான். ஒன்று விட்டு ஒன்றாய் ச, க, ப என்று மூன்று சுரத்தைச் சேர்த்தால் முதலாவது கோர்ட், ரியில் தொடங்கி ரி, ம, த என்றால் இரண்டாவது என்று ஏழையும் கொப்பியில் கட்டம் போட்டுக் காட்டினாள். எஃப் கோர்ட்டுக்கு ஒரு விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அமத்துவதை அவன் பழக்கினான். அந்த ஒன்றுக்கே அவளுக்கு ஐந்து கிழமை பிடித்தது.

பாட்டை ஏ மைனரில் தொடங்கினாள். சுரமெல்லாம் நடபைரவி. வரிகள் வந்தன, மெட்டும் வந்தது, ஆனால் முடிகிற இடத்தில் பாட்டு வீட்டுக்கு வராமல் வெளியே நின்றது. மாசி மாதம் முழுக்க அதோடுதான் மாரடித்தாள். கடைசியில் பிடிபட்டது. ஐந்தாவது கோர்ட்டில் வருவது ப, நி, ரி. அந்த நிஷாதத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் ராகம் கீரவாணியாகும், ஈ மைனர் ஈ மேஜராகும். ஈ மேஜரைத் தட்டிவிட்டு ஏ மைனருக்குப் போகாமல் எந்த மனுசராலும் இருக்கேலாது. அப்படி இழுக்கும்.

அந்த ஈ மேஜரில் அப்பாவின் பேரை வைத்தாள்.

*ஒரு காதை மெசினுக்குக் கொடுத்துவிட்டார்,
ஒன்றை எனக்காக வைத்திருந்தார்.
படலையில் நின்றே ஊர் கூப்பிடும் –
இராசநாயகம்…*

பேர் முடிந்ததும் உடனே ஏ மைனருக்குப் போகாமல் ஈ மேஜரிலேயே இரண்டு தட்டுக் காத்து நிற்க வேண்டும். இராசநாயகத்தை வேலிப் படலையில் நின்று கூப்பிடுகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பிறகுதான் திரும்புவார். அந்தத் திரும்பல்தான் ஏ மைனர்.

இதையெல்லாம் மயூரதனுக்கு விளங்கப்படுத்தியே வாசித்துக் காட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கோர்ட் சரியா என்று பிறகு ஆறுதலாய் இருந்து பார்க்கப் போனில் பதிந்து அனுப்பச் சொன்னான். ஒருத்தருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். சீ, நான் ஏன் காட்டுறன் என்று பதில் போட்டான்.

அடுத்தது உடுவிலில் நடந்தது.

தியாகலிங்கம் பத்மாவதிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து, பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்ப் பதினைந்து வருஷம். அங்கேயே செத்தார். அந்தியேட்டியை ஊரில், உடுவில் வீட்டிலும் செய்தார்கள். இராசநாயகத்தின் திவசத்துக்கு மூன்று கிழமை இருந்தது. கிரியை முடிந்து பந்தி போடுவதற்கு முன், விறாந்தையில் வெள்ளைச் சீலை கட்டி, நினைவு வீடியோ போட்டார்கள். தியாகலிங்கம் பனிக்குள் தொப்பியோடு நின்றார், பேரப்பிள்ளையின் கேக் வெட்டினார். பின்னாலே கிற்றார் தொடங்கியது. ஏ மைனர்.

முதல் வரியிலேயே நிரோஜாவுக்குத் தன் பாட்டென்று தெரிந்துவிட்டது. ஆரோ ஒரு ஆண் குரல் பாடியது. ‘ஒரு காதை ஊருக்குக் கொடுத்துவிட்டார், ஒன்றை எமக்காக வைத்திருந்தார்.’ பிறகு ஈ மேஜர். ‘தியாகலிங்கம்.’ இராசநாயகத்தைவிட அது ஒரு மாத்திரை குறைவு, அதை இழுத்து நிரப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு தட்டு அப்படியே நின்றது. என்னத்துக்கு நிற்கிறதென்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அந்த இடத்தில்தான் பெண்கள் விம்மினார்கள். தியாகலிங்கத்துக்கு இரண்டு காதும் சாகும்வரை துல்லியம். கனடாவில் அவர் இருந்தது பதினோராம் மாடி, அங்கே படலையும் இல்லை, கூப்பிட ஊரும் இல்லை.

பக்கத்தில் பத்மாவதியும் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்கு எழுதிய பாட்டுக்கு இன்னொருவரின் பேரில் அழுதாள். முடிவில் எழுத்து ஓடியது: பாடல் வரிகள், இசை, காட்சித் தொகுப்பு – மயூரதன்.

செத்தவீட்டுக்காரருக்கு முன்னால் எழும்பிக் கதைக்க முடியாது. நிரோஜா வாழையிலைக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாய்க்குச் சொன்னாள், ஒன்றும் விடாமல். பத்மாவதி முதலில் நம்பவில்லை. வட்ஸ்அப்பில் கிடந்த பதிவைக் காதில் வைத்துக் கேட்ட பிறகு நம்பினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வெளியிலை கதைச்சுப்போடாதை பிள்ளை,” என்றாள். “செத்த சனத்தின்ரை பாட்டுக்கு உரிமை கேட்டுக்கொண்டு வந்தவள் எண்டு காலத்துக்கும் சொல்லுவினம். அவையள் எங்கடை சொந்தம்.”

“அப்ப அப்பா எங்களுக்கு ஆரம்மா?”

பத்மாவதி பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். உரும்பிராய்ச் சந்தி வந்துவிட்டது.

அடுத்த நாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொழும்புத்துறைக்குப் போனாள். மயூரதனின் கடை கடல் றோட்டுப் பக்கம், முன்னுக்கு வலை காயும். அவளைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை.

“உமக்குச் சொல்ல வேணும் எண்டுதான் இருந்தனான்,” என்றான். “கனடாக்காரர் நாலு நாளுக்குள்ளை பாட்டு வேணும் எண்டு நிண்டவை.”

“அப்ப நீர் ஒண்டை எழுதியிருக்கலாமே.”

“எழுதிப் பாத்தனான். வரேல்லை.”

அதை அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

தனக்கு ஞாயம் இருப்பதாகவே அவன் நினைத்தான். கல்வெட்டுப் புலவர் செத்தவீட்டுக்குச் செத்தவீடு புதிதாகவா எழுதுகிறார், உம்மடை வீட்டுக் கல்வெட்டிலேயே வேலுப்பிள்ளை இருந்தவர் என்று நீர்தானே சொல்லிச் சிரித்தனீர் என்றான். அவள் சிரிக்கவில்லை, சிரித்தது அம்மா. ஆனால் அதைத் திருத்துவதில் இப்போது என்ன இருக்கிறது. கோர்ட் ஒருவருடைய காணியில்லை, ஏ மைனரும் ஈ மேஜரும் உலகம் முழுக்கப் பாவிக்கிறது என்று அவள் படிப்பித்ததையே அவளுக்குத் திருப்பிச் சொன்னான். வேணுமென்றால் உம்மடை பேரையும் கீழே போட்டுத் திரும்ப அனுப்புகிறேன் என்றும் சொன்னான். அந்த வீடியோ அதற்குள் லண்டன், ஜேர்மனி எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

“கோர்ட்டை விடும்,” என்றாள் நிரோஜா. “பேருக்குப் பிறகு ரெண்டு தட்டு நிக்குதெல்லோ. அது ஏன் எண்டு சொல்லும் பாப்பம்.”

மயூரதன் யோசித்தான். மறந்ததை நினைவெடுப்பவன் போல அல்ல, சோதனைக்கு விடை சொல்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

“அந்த இடத்திலை கொஞ்சம் விட்டால் சனம் அழும். நல்ல ரெக்னிக் அது. நான் இப்ப மற்றப் பாட்டுகளுக்கும் அப்பிடித்தான் வைக்கிறனான்.”

அவள் வெளியே வந்துவிட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வலைகளுக்கு நடுவே கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் ஏறி மிதித்தாள். நம்பி ஒரு பதிவை அனுப்பியதற்காக அல்ல, அப்பாவின் காதைப் பற்றி அவனுக்கு வாய் திறந்து சொன்னதற்காகத்தான் தன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

திவசத்தன்று பாடுவதில்லை என்று முடிவெடுத்தாள். பாடினால் உடுவில் பாட்டைப் பிரதி பண்ணினாள் என்பார்கள். கிற்றாரை உறைக்குள் போட்டு அறை மூலையில் வைத்தாள்.

ஆவணியில் திவசம் வந்தது. ஐயர் வந்து போனார், படையல் ஆயிற்று, முதற்பந்தி எழும்பியது. கனகாம்பிகை மாமி, இராசநாயகத்தின் தங்கச்சி, வெற்றிலைத் தட்டத்தோடு ஹோலில் அமர்ந்தவள் நிரோஜாவைக் கூப்பிட்டாள்.

“ஒரு வருஷமா உந்தக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனி. எங்கடை அண்ணைக்கு ஒண்டு பாடன் பிள்ளை.”

ஒன்றும் ஆயத்தப்படுத்தவில்லை என்றாள் நிரோஜா.

“உடுவிலிலை போட்டவையெல்லோ ஒரு பாட்டு, அதைப் பாடு. தியாகலிங்கத்தாரை எடுத்துப்போட்டு அண்ணையின்ரை பேரைப் போட்டுவிடு. ஆர் கேக்கப்போகினம்.”

அதுதான் சரி என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஆரோ போய்க் கிற்றாரை எடுத்து வந்து மடியில் வைத்தார்கள். மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்தால் அந்தப் பாட்டு இராசநாயகத்தின் பேரோடு இந்த வீட்டில் ஒரு தரமும் ஒலிக்காது. நிரோஜா கம்பிகளைச் சரி பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு ஏ மைனரைப் பிடித்துத் தொடங்கினாள்.

மெசினுக்குக் கொடுத்த காது வந்தது. படலை வந்தது. ஈ மேஜரில் பேரைச் சொன்னாள், ஒரு மாத்திரையும் குறையாமல் முழுதாகச் சொன்னாள். இரண்டு தட்டு நின்றாள். ஏ மைனருக்குத் திரும்பினாள்.

பாட்டு முடிந்தபோது கனகாம்பிகை மாமியின் கண் நிறைந்திருந்தது.

“அண்ணைக்கெண்டே எழுதினமாதிரிக் கிடக்கு,” என்றாள். “ஊர் எண்ட இடத்திலை மெசினைக் கொண்டுவந்து போட்டாய் பார். கெட்டிக்காரி.”

“நான் ஒரு சொல்லும் மாத்தேல்லை மாமி.”

மாமி பக்கத்திலிருந்தவளிடம், பிள்ளைக்கு நல்ல அடக்கம், தேப்பனைப் போல என்றாள். நிரோஜா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பத்மாவதி கதவு நிலையோடு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வசனம் சொன்னால் போதும், இத்தனை சொந்தமும் கேட்க இருந்தது.

பத்மாவதி பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு, இன்னும் ஆருக்கு வேணும் என்று கேட்டபடி மற்றப் பக்கத்து வரிசைக்குப் போனாள்.