கெஸ்ட்லர் வீட்டுப் பச்சை ஓடுகள்

நவம்பர் மழை நாலாவது நாளாகக் கூரையை மூடியிருந்த தார்ப்பாயின் மேல் அடித்துக்கொண்டிருந்தபோது ரோஸ்வித்தா கெஸ்ட்லருக்கு அந்தக் கடிதம் வந்தது. பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆரன்ஸ் என்ற அதிகாரி எழுதியிருந்தாள். பாதுகாக்கப்பட்ட வீட்டின் பழைய ஓடுகளை உரிமையாளர் அனுமதியின்றி அப்புறப்படுத்திவிட்டாராம். ஆகவே கூரை வேலையை உடனே நிறுத்த வேண்டுமாம்.

ரோஸ்வித்தா அந்த ஊரில் இருபத்தேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். மரச்சட்டமும் மண்சுவருமாக முந்நூறு வருடம் நின்ற வீடு அவளுடையது. கூரை ஒழுகத் தொடங்கியதும் ஒன்றரை வருடம் அலைந்து அனுமதி வாங்கினாள். நிபந்தனை ஒன்றுதான்: பழைய ஓடுகளைக் கையால் கழற்றி அடுக்கி, நல்லவற்றையெல்லாம் தெருப்பக்கம் திரும்பப் போட வேண்டும். வேலையை எடுத்த ஃபோல்க்மார் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு. அவள் பேருந்தில் இருந்த மூன்று பகல்களில் ஓடெல்லாம் காணாமல் போயிற்று. கேட்டதற்கு, பனியில் வெடித்துத் தொட்டாலே பொடிந்தன, குப்பையில் கொட்டிவிட்டேன் என்றான். அவள் நம்பினாள்.

வியாழக்கிழமை காலை, அடுத்த ஊருக்குள் பேருந்து நுழையும் வளைவில், ஒயின் விடுதியின் தோட்டத்தில் புதிதாக எழுந்திருந்த சிறு மண்டபம் கண்ணில் பட்டது. கூரை உச்சிக்குக் கீழே ஒரே ஒரு வரிசை, பச்சை மெருகேற்றிய ஓடுகள். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வரிசை அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

பேருந்தை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினாள். பயணிகள் பதினொரு பேர்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. அதோ தெரியுதே, அது என் வீட்டுக் கூரை."

யாரும் முணுமுணுக்கவில்லை. பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி குடையோடு கூடவே இறங்கி, நாலு பக்கமும் போனில் படம் எடுத்தாள். விடுதிக்காரர் முகம் வெளுத்துப்போய், ஃபோல்க்மாரின் முத்திரை குத்திய ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் பெண்மணி அதையும் படம் எடுத்து, எல்லாவற்றையும் ரோஸ்வித்தாவின் போனுக்கு அனுப்பினாள். பேருந்து பதினாலு நிமிடம் தாமதம். அதற்கு நிறுவனம் கொடுத்த எச்சரிக்கையில் ரோஸ்வித்தா கையெழுத்திட்டாள்.

வேலை முடிந்ததும் சீருடையோடே ஃபோல்க்மாரின் பட்டறைக்குப் போனாள்.

"கூரை விஷயமா ரோசி? அந்த ஆபீஸ் தடையை எடுக்கட்டும், ஒரே வாரத்துல முடிச்சிடலாம்."

"தொட்டா பொடியாகுதுன்னு சொன்னியே. அங்க மட்டும் எப்படிடா நிக்குது?" போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அவன் போனை விலக்கித் தள்ளினான். "அந்தக் கிழட்டு ஓட்டை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?"

"என் தலைக்கு மேல வெச்சுக்கப் போறேன். கழட்டுனதெல்லாம் உன் கையாலயே கழட்டிக் கொண்டாந்து போடுற. ஆளை அனுப்பினேன்னா நேரா போலீசுக்குப் போவேன்."

நடந்ததைப் படங்களோடு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள், தடை நீங்கியது. டிசம்பர் குளிரில் ஃபோல்க்மார் ஒன்பது நாள் வேலை செய்தான். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏணியடியில் நின்று, ஒவ்வொரு ஓட்டையும் விரலால் தட்டிப் பார்த்து மேலே அனுப்பினாள். கூரையேறியவனுக்குக் காபி கொடுக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. அவள் கொடுக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஆரன்ஸ் வந்து அண்ணாந்து பார்த்தாள். "ரொம்ப அழகா வந்திருக்கு, கெஸ்ட்லர் மேடம். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைலை மூடிடலாம்."

"நான் ஓட்டைத் தூக்கி எறிஞ்சேன்னு எழுதினீங்களே, அது அந்த ஃபைல்லதானே இருக்கு?"

"அது வழக்கமா அனுப்புற கடிதம்தான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் படுக்கை மேல மழை ஒழுகிட்டிருந்துச்சு. தப்புன்னு எழுதிக் கொண்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

ஜனவரியில் இரண்டு வரிக் கடிதம் வந்தது: 'வருந்துகிறோம்.' ரோஸ்வித்தா உடனே போன் செய்து, அந்த 'நாங்கள்' யார் என்று கேட்டாள். மறுவாரம் இன்னொன்று வந்தது. 'வருந்துகிறேன்' என்று எழுதி, கீழே ஆரன்ஸ் தன் கைப்படப் பெயர் போட்டிருந்தாள். அதன் பிறகே ரோஸ்வித்தா பேனாவை எடுத்தாள்.

ஃபோல்க்மாரோடு அவள் இன்னும் பேசுவதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால், அவன்தான் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போகிறான்.