எடுத்தவர்தான் முடிக்க வேண்டும்

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் எங்கள் கம்பெனியில் புகார்கள் எல்லாம் மின்னல் வேகத்தில் தீர்ந்துகொண்டிருந்தன. மெஷின்கள்தான் ஓடவில்லை.

மெக்கானிக் தன் செல்போனில் 'முடிந்தது' பட்டனை அழுத்தினால்தான் அவருக்கு அடுத்த வேலை வரும். அதனால் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அழுத்திவிட்டு, அப்புறம்தான் படியேறுவார்கள். மேலே போய், ஸ்பேர் இல்லை என்று கையை விரித்துவிட்டு வந்தாலும் கணக்கில் அது முடிந்த புகார். வாடிக்கையாளர் மறுபடி அழைத்தால் எங்கள் போன் அறையில் வேறொருத்தி எடுத்து, "உங்க மெஷின் சரியாயிடுச்சே மேடம்" என்பாள். அந்த மேடம் அங்கே கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்.

கம்பெனி என் அக்கா வீட்டுக்காரருடையது. அத்தான் நல்லவர், ஆனால் எதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு என்று நம்புகிறவர்.

"உங்க ரூம்ல திட்டு வாங்கறதைத் தவிர வேற என்ன நடக்குது? மாசக் கடைசியில போன் வேலையை வெளிக் கம்பெனிக்கு விட்டுடப் போறேன்" என்றார்.

போன் அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் வேலை போகும், மச்சினி என்னையும் சேர்த்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதுவரைக்கும் நான் சொல்றபடிதான் நடக்கணும். நீங்க குறுக்க வரக் கூடாது."

சம்மதித்தார். வீட்டில் அக்கா முகத்தில் விழிக்க வேண்டுமே.

அன்றைக்கே 'முடிந்தது' பட்டனை மெக்கானிக்குகளிடமிருந்து பிடுங்கினேன். பதிலுக்கு, வாடிக்கையாளர் வீட்டுப் படியிறங்கும்போது அழுத்த 'கிளம்பிட்டேன்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினாலே அடுத்த வேலை வந்துவிடும், பொய் சொல்லத் தேவையில்லை. போனை எடுத்தவள்தான் அந்தப் புகாருக்குக் கடைசிவரை பொறுப்பு. மறுநாள் அவளே கூப்பிட்டு, மெஷின் சுற்றும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் முடிக்கலாம்.

சுவரில் இருந்த பெரிய திரை, தீராத புகார்களால் சிவந்துபோனது. அத்தான் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, ஒரே ரத்தக் களரியா இருக்கு?"

"முன்னாடியும் இதே சிவப்புதான் அத்தான். நாமதான் மேல பச்சை பெயின்ட் அடிச்சு வச்சிருந்தோம்."

அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் எந்த ஸ்பேர் எப்போதும் தீர்ந்துபோகிறது என்று தெரிந்தது. அதை வாங்கி எல்லா மெக்கானிக்குகளின் பையிலும் போட்டோம். சிவப்பு மெல்லக் குறைய ஆரம்பித்தது.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு பெண்கள் ஹாஸ்டலின் வார்டன். நாங்கள் வைத்த பெயர் இடி. அவர் நம்பரைப் பார்த்தாலே அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும். இந்த முறை மாட்டிக்கொண்டவள், குரல் வெளியே வராத எங்கள் பஞ்சு. மாட்டிய பிறகு கைமாற்றிவிட வழியில்லை.

மாசக் கடைசியில் வெளிக் கம்பெனி ஆள் பளபளக்கும் ஷூவோடு வந்து அத்தான் எதிரில் உட்கார்ந்தார்.

"எந்த போன் காலா இருந்தாலும் ரெண்டே நிமிஷத்துல முடிச்சுடுவோம் சார்."

அப்போது அத்தானின் செல்போன் அடித்தது. இடி. அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. போனை என் பக்கம் தள்ளினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மெதுவாப் பேசுற பொண்ணு ஒண்ணு உங்க ஆபீஸ்ல இருக்கே" என்று இடித்தார் வார்டன்.

"என்ன மேடம் பண்ணிச்சு?" என்றார் அத்தான், போன் பக்கம் குனிந்து.

"தினம் காலையில கூப்பிட்டு, மெஷின் கிட்ட போனை வைங்க மேடம்னு என் உயிரை வாங்கிடுச்சு. இப்ப எல்லா மெஷினும் ஓடுது. திட்டறதுக்கு எனக்கு ஆளே இல்ல! எங்க ஆம்பளைப் பசங்க ஹாஸ்டல் மெஷினையும் நீங்களே எடுத்துக்கோங்க. ஆனா போனை அந்தப் பொண்ணுதான் எடுக்கணும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே போன் அறையே திரண்டு நின்றது. பஞ்சு சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு மேசைமேல் ஏறி ஆட வேண்டும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அத்தான் ஷூக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீயே இவர்கிட்ட சொல்லி முடிச்சுடும்மா" என்று முணுமுணுத்தார்.

"எடுத்தவங்கதான் முடிக்கணும் அத்தான். இவரை வரச்சொன்னது நீங்க" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த என் போனை எடுக்க ஓடினேன்.