தலைப்பாகையில் ஒரு கொத்துப் புல்

பஸ்ஸுவின் தலைப்பாகையில் செருகியிருந்த புல்லைக் கண்டால் அவனுடைய கழுதைக்கே நாக்கில் எச்சில் ஊறும். ஆனாலும் இந்த ஆண்டு அவன்தான் புல் தலைவன். ஊர் கூடித் தேர்ந்தெடுத்துத் தலையில் செருகிய பதவி. வேலை ஒன்றே ஒன்றுதான்: மேய்ச்சல் நிலத்தில் பூவும் புல்லும் விதை உதிர்க்கும்வரை ஒரு குளம்போ ஒரு காலோ உள்ளே படக் கூடாது. மீறியவன் ஆடு அறுத்து ஊருக்கே விருந்து போட வேண்டும். யாரையாவது தலைவன் சும்மா விட்டால் தடை போயிற்று என்று அர்த்தம். மேட்டில் காத்துக் கிடக்கும் மந்தையெல்லாம் இறங்கிவிடும். பஸ்ஸு சொந்த மாமியாருக்கே அபராதம் போட்டவன். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குச் சூடான ரொட்டி கிடையாது.

அந்த அட்லஸ் மலைப் பூக்களைக் காப்பாற்றப் பல நாட்டுக் குழு ஒன்று வந்து இறங்கியது. அவர்கள் கையெழுத்துப் போட்டால் நிலம் ஊரின் பொறுப்பிலேயே இருக்கும். போடாவிட்டால் காயித், அதாவது வட்டார அதிகாரி, முள்கம்பி கட்டி, பூங்கா என்று பெயர் வைத்து, ஆட்டையும் ஆட்டுக்காரனையும் சேர்த்தே விரட்டுவார். கம்பிச் சுருள் ஏற்கெனவே லாரியில் வந்துவிட்டது.

மொழிபெயர்க்க வந்தவள் துடா, பஸ்ஸுவின் கொழுந்தி, மராக்கேஷில் படித்தவள். குழுத் தலைவி இங்கிரித் நீளமாகப் பேசியதை அவள் சுருக்கிச் சொன்னாள்.

"அத்தான், பூவுக்கு நடுவுல நின்னுதான் கையெழுத்துப் போடுவாங்களாம். போட்டோ வேணுமாம்."

"எந்தப் பூவு?"

"காப்பாத்த வந்தாங்கல்ல, அதே பூவுதான்."

பஸ்ஸு லாரியிலிருந்த கம்பிச் சுருளைப் பார்த்தான். விட்டால் புல் போச்சு. மறித்தால் நிலமே போச்சு. மேட்டில் மேய்ப்பர்கள் வேறு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம்தான், அதில் என்ன வெட்கம். உடம்பு முடியாத தலைவன் தன் புல்லை வேறு யார் தலைக்கும் மாற்றலாம் என்பது பழைய வழக்கம். அது நினைவுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை முனகினான். பிறகு தலைப்பாகையிலிருந்த புல்லை உருவி இங்கிரித்தின் தொப்பியில் செருகினான்.

"எனக்கு முடியலம்மா. இன்னிக்கு நீங்கதான் புல் தலைவர். திறக்கிறதும் மூடுறதும் உங்க பாடு."

துடா சிரிப்பை அடக்கிக்கொண்டு விதிமுறை முழுவதையும் எடுத்துச் சொன்னாள். இங்கிரித் மேட்டைப் பார்த்தாள், மந்தைகளைப் பார்த்தாள், தன் காலணியைப் பார்த்தாள். எல்லைக் கல்லுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழுவோடு வந்திருந்த காயித்துக்குப் பொறுமை போயிற்று. புல்லுக்கு இத்தனை கூத்தா என்று முணுமுணுத்தபடி, பளபளக்கும் பூட்ஸோடு கல்லைத் தாண்டி உள்ளே போய் நின்றார். வந்து போட்டோ எடுங்கள் என்று கையாட்டினார்.

மேட்டில் மேய்ப்பர்கள் எழுந்து நின்றார்கள். நாய்கள் குரைத்தன. பஸ்ஸு வயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான், இந்த முறை நிஜமாகவே.

இங்கிரித் எழுந்தாள். துடாவிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, காயித்தை நோக்கிக் கை நீட்டி, மலைக்கே கேட்கும்படி உளறல் உச்சரிப்பில் கத்தினாள்.

"ஆடு!"

மேய்ப்பர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். காயித் எவ்வளவோ முறைத்துப் பார்த்தார். அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னால் மறுக்க முடியுமா? அன்றைக்கே ஆடு அறுபட்டது. கொழுப்பு வழியும் விரலோடு இங்கிரித் எல்லைக் கல்லுக்கு வெளியே கையெழுத்துப் போட்டாள். கம்பிச் சுருள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயிற்று. பஸ்ஸுவின் வயிற்றுவலி எலும்பைக் கடிக்கும்போதே பறந்துவிட்டது. மாமியார் அவன் முன்னால் சூடான ரொட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

விடைபெறும்போது இங்கிரித் தொப்பியிலிருந்து புல்லை எடுத்தாள். அது வாடித் துவண்டிருந்தது. இவ்வளவு பெரிய பதவியை இப்படித் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, எல்லைக் கல்லுக்கு அந்தப்புறம் பச்சையாக நின்ற ஒரு கொத்தைப் பறிக்கக் குனிந்தாள்.

"துடா," என்றான் பஸ்ஸு, வாடிய புல்லை வாங்கித் தலையில் செருகியபடி. "கை உள்ள போனா இன்னொரு ஆடுன்னு சொல்லு."