காற்று சென்சாரில் படிந்த தூள்

வண்டி மறுபடியும் திணறியபோது முவென்யாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரைச் சுத்தம் செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ந்டோலா நகருக்குப் போகும் சாலையில் லாரியைத் தாண்டும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். வண்டி பாயவில்லை, இழுத்து இழுத்து முனகியது. எதிரே வந்த பஸ் ஹாரனை அலறவிட்டு விலகிப் போனது.

ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த ஏழு பேர் வண்டி அது. காலையில் கல் அரைக்கும் ஆலைக்கு ஆட்களை ஏற்றிப் போவாள், சாயங்காலம் கூட்டி வருவாள். அவர்களில் ஒருவன் அவள் புருஷன் கபாசோ. பேட்டரி பலவீனம் என்பதால் ஆலை கேட்டருகே எஞ்சினை அணைக்காமலே காத்திருப்பாள்.

சனிக்கிழமை, உதிரிபாகக் கடையில் கடைக்காரர் சிமுகோண்டா, சென்சார் கழுவும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து, அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இத ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு ஒருதரம் வாங்கினாலே அதிகம். நீ இந்த மாசத்துலயே ரெண்டாவது. வண்டிய எங்க நிறுத்துற?"

"ஆலை கேட்டுலதான்ணே."

"நேத்து ஒரு மினிபஸ்காரன் வந்தான். அவனும் அங்கதான் நிறுத்துறானாம்." டப்பாவை நீட்டினார்.

ஞாயிறு சர்ச்சு முடிந்து வந்ததும் முற்றத்தில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறக் காத்திருந்தாள். பிறகு வயர் பிளக்கைக் கழற்றி, இரண்டு திருகுகளை எடுத்து, சென்சாரை மெல்ல உருவினாள். உள்ளே மயிரிழை போன்ற கம்பி. அதில் கை படக் கூடாது, துணி படக் கூடாது. கம்பிமேல் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெள்ளைப் படலம் இருந்தது.

கபாசோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். தட்டில் ன்ஷிமா சோளக் களியும் கப்பென்டா மீனும் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன.

"புருஷன இவ்வளவு பூப்போல ஒருநாளாவது தொட்டிருக்கியா?" என்றான்.

"நீங்க ரிப்பேரானா பாத்துக்கலாம்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தவனுக்கு நிமிர வெகுநேரம் பிடித்தது.

பத்துப் பதினைந்து முறை ஸ்ப்ரே அடித்தாள். வெள்ளை நீர் சொட்டிச் சொட்டித் தரையில் விழுந்து, காய்ந்து, பொடியாக நின்றது. சென்சாரை உலர வைத்துவிட்டுக் காற்று ஃபில்டரை வெளியே எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன் போட்ட புது ஃபில்டர். லேசாகத் தட்டியதும் உள்ளங்கையில் தூள் கொட்டியது. சோள மாவு மாதிரிதான் இருந்தது. ஆனால் விரலில் தேய்த்தால் கரையவில்லை, நறநறவென்றது.

"சோலா அப்பா, இது என்ன?" என்று புருஷனிடம் கையை நீட்டினாள்.

"எங்க ஆலைக் கல்லு மாவுதான். வேற என்ன?"

"ஃபில்டரத் தாண்டி உள்ள போயிருக்கு."

"பொடி அவ்வளவு நைசு. அதுக்குத்தான் விலையே."

"வண்டி கேட்டுக்கு வெளிய அரை மணி நேரம் நிக்குது. நீங்க உள்ள பத்து மணி நேரம் நிக்கிறீங்க."

ஆலையில் அவன் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பழைய துணி கொடியில் தொங்கியது. கபாசோ அதைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அவள் மனம் வண்டியின் சீட்டுகளை எண்ணத் தொடங்கியது. மழைக்காலம் முடிந்தபோது ஆறு பேர் ஏறினார்கள். முதலில் லும்பா வருவதை நிறுத்தினான். உடம்பு சரியில்லை என்று லுவாப்புலாவில் அம்மா வீட்டுக்குப் போனவன், திரும்பவில்லை. பிறகு சிசாங்கா. படியேறவே மூச்சு வாங்குகிறது என்றான், அடுத்த வாரம் வரவில்லை. யாரும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சீட்டு காலியானதும் மற்றவர்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

சென்சாரை மாட்டி வண்டியை எடுத்தாள். எஞ்சின் சீராக ஓடியது. அது அவளுக்குத் துளிகூட நிம்மதி தரவில்லை.

திங்கட்கிழமை மற்ற மூவரையும் கேட்டில் இறக்கினாள். கபாசோ இறங்குமுன் கதவைப் பூட்டி வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போற? ஷிஃப்டு போயிடும்! கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"ஆஸ்பத்திரிக்கு. கத்துங்க, முடிஞ்ச வரைக்கும் கத்துங்க."

கத்த முயன்றான். மூன்றாவது வார்த்தையில் மூச்சு நின்றது. மிச்ச வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு நுரையீரலிலும், மேலே இருந்து கீழே வரை, வெள்ளைப் புள்ளிகள்.

"எத்தன வருஷமா அந்தக் கல் ஆலையில வேலை?"

"மூணு," என்றான் கபாசோ.

"இனிமே ஒரு நாள்கூடப் போகக் கூடாது."

"குணமாயிடும்ல?" என்று கேட்டாள் முவென்யா.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "உள்ள போன தூள் வெளிய வராதும்மா. இன்னும் உள்ள போகாமத் தடுக்கலாம்." பேனாவை எடுத்து, "கூட எத்தன பேர் வேலை செய்றாங்க?" என்றார்.

"எழுபது எண்பது பேர் இருக்கும்," என்றான் கபாசோ. டாக்டர் பேனாவை மூடினார். அவர் முகத்தைப் பார்க்க முவென்யாவுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவள் தனியாகக் கேட்டுக்குப் போனாள். எஞ்சினை அணைத்தாள், ஜன்னல்களை ஏற்றினாள். மூவரும் தூளில் இமைவரை வெளுத்து வந்து ஏறினார்கள்.

"கபாசோ எங்கக்கா? பொண்டாட்டி தூக்கிட்டுப் போயிட்டாளாம்னு ஆலையெல்லாம் ஒரே பேச்சு!"

டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், லும்பாவையும் சிசாங்காவையும் சேர்த்தே. வண்டிக்குள் சிரிப்பு அடங்கியது. கபெம்புவா என்ற மூத்தவன் மட்டும் கதவைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு நாலு பிள்ளைங்க. இந்தப் பேச்ச இங்க பேசாதீங்கக்கா." கதவைச் சாத்திவிட்டு நடந்தே போனான்.

ஆலை மேஸ்திரி வந்து கண்ணாடியைத் தட்டினார். அவர் பின்னால், ஆலைக் கூரைக்கு மேல் வெள்ளைப் புகைபோல ஒன்று எழுந்து ஊர்ப் பக்கமாகச் சாய்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.

"காலையில ஷிஃப்டுக்கு வந்தவனக் கூட்டிட்டுப் போயிட்ட. நாளையிலிருந்து உன் வண்டி இங்க நிக்கக் கூடாது," என்றார். கோபமே இல்லாத குரல். "உன் வீடு எங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

முவென்யா சாவியைத் திருப்பினாள். பேட்டரி இரண்டு முறை திணறியது, மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது. பின் சீட்டில் இருந்த இருவரில் இளையவன் மெல்லக் கேட்டான்: "அக்கா, அந்த ஆஸ்பத்திரி இப்ப தொறந்திருக்குமா?"