செவலையின் உதை

குரு பார்வை சரியில்லை என்று சோசியர் சொன்னதால், சீவலப்பேரி மாடக்கண்ணுவின் வலது ஆள்காட்டி விரலில் புஷ்பராக மோதிரம் ஏறியது. குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்றார்கள். மாடக்கண்ணு குளிப்பதே அபூர்வம் என்பதால் அதில் சிரமமில்லை.

அந்த வாரமே செவலை உதைக்கத் தொடங்கியது. மனைவி முத்துராணி தாய்வீட்டிலிருந்து கன்றாகக் கூட்டிவந்து வளர்த்த பசு. கறப்பது மட்டும் மாடக்கண்ணு. செம்பு ஒருபக்கம் போனது, அவன் ஒருபக்கம் போனான்.

“ஏங்க, காம்புல புண்ணு கிண்ணு இருக்கான்னு பாருங்க.”

“கண்ணு பட்டிருக்குட்டி. மொளகா எடுத்துட்டு வா.”

மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டான். நெடியே வரவில்லை, ஆகவே கண்ணேறுதான் என்று உறுதியாகி, கழிந்தும் விட்டது. மறுநாளும் உதை விழுந்தது. செல்போனில் நாதஸ்வரம் போட்டுவிட்டான். செவலை தலையாட்டிக் கேட்டது. அவன் கை வைத்ததும் உதைத்தது.

மாட்டுத் தரகர் பெருமாள்ராஜ் வந்து முதுகைத் தடவினார். “சுழி சரியில்ல வே. வீட்டுக்கு ஆகாது. வித்துத் தள்ளிவிடும்.”

“இத்தன வருசமா இருந்த சுழி இப்பதான் கெட்டுப்போச்சாக்கும்?” என்றாள் முத்துராணி.

“இப்ப குரு பெயர்ந்திருக்குல்லா?” என்றான் மாடக்கண்ணு.

தரகர் செவலையை விலைபேசி ஓட்டிப் போனபோது அவள் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தான். முகத்துக்குச் சோப்புப் போட்டதும் பிள்ளை வீறிட்டு அலறி, அவன் நெஞ்சில் ஒரு உதை விட்டாள். செவலை உதைத்த அதே இடம். கன்னத்தில் சிவப்பாக ஒரு கீறல். விரலைத் திருப்பிப் பார்த்தான். கல்லைப் பிடித்திருந்த கம்பிகளில் ஒன்று முள்ளாக எழும்பி நின்றது. அதன் இடுக்கில் செம்பட்டையாய் ஒரு மாட்டு மயிர்.

ஈரக் கையோடு தரகருக்குப் போன் போட்டான்.

“அது அன்னைக்கே லாரியில ஏறிட்டு வே. கேரளாவுக்கு.”

பிள்ளையைத் தூக்க வந்த முத்துராணி, கன்னத்தைப் பார்த்தாள். அவன் விரலைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மோதிரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

மத்தியானம் அரிசி களைந்தாள். பழக்கத்தில் கழுநீரைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். பிறகு காலி வாளியோடு அங்கேயே நின்றாள். கூப்பிடலாமா என்று நினைத்தான். மறுபடியும் மோதிரத்தை இழுக்கத் தொடங்கினான்.