தலைமாட்டுச் செங்கல்

"இன்னும் கொஞ்சம் தூக்கு தம்பி, செங்கல் சிக்கிக்கிட்டிருக்கு."

மண்டியிட்டுக் குனிந்து, கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியிலிருந்த செங்கல்லை அவள் உருவினாள். கட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்த கொழுந்தனுக்கு மூச்சு முட்டியது. கட்டில் மேல் அவள் புருஷன் கிடந்தார். நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்த மனுஷன். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள்.

"மூணு மணிக்கு வண்டி வந்துடும் அண்ணி. இப்பப் போய் கட்டிலோட மல்லுக்கட்டிக்கிட்டு..."

"வண்டி நிக்கும். கட்டிலோட அந்தக் காலைத் தூக்கு."

அவளிடம் எதிர்ப்பேச்சு பேசி ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் யாருமில்லை. ஜெயிக்கப் பார்த்த ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார்.

செங்கல் வந்தது போன வருஷம். சிமெண்டுத் தூசி தின்று தின்று அவர் நுரையீரல் எப்போதோ நைந்துபோயிருந்தது. அது போதாதென்று ராத்திரியானால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், விடாத இருமல். டாக்டரம்மா படம் போட்டே காட்டினாள். படுத்ததும் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது, சொட்டுச் சொட்டாக மூச்சுக்குழாயிலும் இறங்குகிறது, மிச்சமிருக்கிற நுரையீரலையும் அது கெடுத்துவிடும் என்றாள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. ஏழு மணிக்குள் ராத்திரிச் சாப்பாடு. கட்டிலின் தலைமாடு ஆறு அங்குலம் உயர வேண்டும். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

மாத்திரைக்குத் தலையாட்டிய மனுஷன் செங்கல்லைப் பார்த்ததும் எகிறினார்.

"நான் வச்ச கல்லு ஒண்ணு மட்டம் தப்பினதில்ல. என்னையே சரிவுல கிடத்துறியா? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவான்?"

"நாலு பேரா வந்து உங்களுக்குப் பதிலா இருமப் போறான்? பேசாம படுங்க."

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, இளைக்க இளைக்கக் கடப்பாரையால் நெம்பி, கால்மாட்டுக்கும் செங்கல் கொடுத்துவிட்டார்! ராத்திரி கட்டிலில் உட்கார்ந்தபோது அவளுக்குத் தரையில் கால் எட்டவில்லை. குனிந்து பார்த்தாள். ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதே கடப்பாரையால் நெம்பி அந்தச் செங்கல்லை எடுத்துப் போட்டாள்.

"இருக்கிற வரைக்கும் நான் சொல்ற மாதிரிதான் படுக்கணும்."

"போற அன்னிக்கு?"

"அன்னிக்கு நீங்க சொல்ற மாதிரி. போதுமா?"

"ரசமட்டம் வச்சு, குமிழி நடுவுல நிக்குதான்னு பாக்கணும். கண்ணால பாத்துட்டு சரின்னு விட்டுடக் கூடாது."

"வச்சுப் பாக்குறேன். தூங்குங்க."

பத்தே நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது. அதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கத்தில் சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். அவள் எழுந்து, அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்துவிடுவாள். ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை, நான்கு தடவை. ஒரு வருஷம்.

கட்டிலின் எல்லாக் கால்களும் இப்போது தரையில் நின்றன.

"அப்பா பையில ரசமட்டம் இருக்கும், எடுத்துட்டு வா" என்றாள் மகளிடம்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும்."

கட்டில் சட்டத்தின் மேல் அதை வைத்தாள். குமிழி தலைமாட்டுப் பக்கம் ஓடியது.

"கால்மாடு ஒரு நூல் கம்மி. அவ்வளவுதான் அண்ணி" என்றான் கொழுந்தன். அவனும் கொத்தனார்தான், அண்ணனிடம் தொழில் பார்த்தவன். "ஒரு நூல் யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும்."

முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். அலமாரித் தட்டில் நெஞ்செரிச்சல் மாத்திரையின் காலி அட்டைகள் இருந்தன. கடையில் காட்டி வாங்குவதற்காக அவள் சேர்த்துவைத்தவை. இரண்டை எடுத்து மடித்து, கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் செருகினாள்.

குமிழி மெல்ல நகர்ந்து இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"சுத்தமா இருக்கு அண்ணி." சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் ரசமட்டத்தைத் துடைத்து மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவர் கொஞ்சம் கீழே சறுக்கிக் கிடப்பதுபோல் இருந்தது. அவள் கைகள் இரண்டும் தாமாக அவர் அக்குளுக்கு அடியில் போயின. அப்படியே சற்று நேரம் குனிந்திருந்தாள். பிறகு கைகளை உருவிக்கொண்டு, அவருடைய சட்டைக் காலரை நேராக்கினாள்.