பின்னால் வந்தவள்

ஓட்டப்பந்தயம் என்றால் யுவராணி முதலாவது, ஃபர்ஹீன் இரண்டாவது. உடற்கல்விக் கல்லூரியில் இருவரும் சேர்ந்து படித்த காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஃபர்ஹீன் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, முன்னால் நிற்பவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அவளோடு சிநேகமாக இருப்பது யுவராணிக்கு ரொம்ப எளிதாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் யுவராணி தேனியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராகப் போனாள். ஃபர்ஹீனுக்குக் கம்பத்தில் கல்யாணமானது. புருஷன் ரசூல் ஏலக்காய் வியாபாரி. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. இனி அவள் மைதானத்துப் பக்கம் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அல்லிநகரத்துக்கு, யுவராணியின் வீட்டுக்கு வந்தாள். துபாயிலிருந்து அவள் அண்ணன் ஆசாத் அனுப்பிய புத்தகம். விளையாடுகிறவர்களின் உடம்புக்கு வலுவும் வேகமும் ஏற்றுகிற பயிற்சியாளர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறதாம். சென்னையில் எழுதலாமாம்.

“நீ எழுதுனா நானும் எழுதுறேன் யுவா. தனியா எனக்குத் தைரியம் இல்ல” என்றாள்.

ஞாயிறுதோறும் படித்தார்கள். தசை எப்படிச் சுருங்குகிறது, மூச்சு எங்கே போய் எதுவாக மாறுகிறது என்பதையெல்லாம் யுவராணிதான் முதலில் பிடித்துக்கொண்டு ஃபர்ஹீனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஃபர்ஹீன் திரும்பத் திரும்பக் கேட்பாள். சில நாள் யுவராணிக்கு அலுப்பாகக்கூட இருக்கும்.

மறுவருஷம் சென்னை போய் எழுதினார்கள். தேர்வில் இரண்டு பகுதி: ஒன்று அறிவியல், மற்றது பயிற்சி. ஃபர்ஹீன் இரண்டிலும் தேறினாள். யுவராணி அறிவியலில் தவறிவிட்டாள். அவளே சொல்லிக்கொடுத்த அறிவியல்!

“காய்ச்சல் வந்துருச்சும்மா, நான் எழுதவே இல்ல” என்று அம்மா பஞ்சம்மாளிடம் சொன்னாள். பள்ளியிலும் அதையே சொன்னாள். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த ஃபர்ஹீனிடம் பஞ்சம்மாள் அதைப் பற்றிக் கேட்டபோது, அவள் ஒரு கணம் யுவராணியைப் பார்த்தாள்.

“ஆமாம்மா. பாவம், எந்திரிக்கவே முடியல அவளால” என்றாள்.

நன்றி வரவேண்டிய இடத்தில் யுவராணிக்கு எரிச்சல்தான் வந்தது. மாட்டேன், பொய் சொல்லமாட்டேன் என்று அவள் சண்டை போட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

தேனிப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி ஃபர்ஹீனைத் தங்கள் கபடி அணிக்கு உடற்பயிற்சி கொடுக்க வேலைக்கு வைத்துக்கொண்டது. மாமியார் அம்சத் பீவி குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அவள் தினமும் கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து போனாள். தலையில் முக்காடும் கழுத்தில் விசிலுமாக அவள் நிற்கிற போட்டோ பேப்பரில் வந்தது. யுவராணியின் தலைமையாசிரியை அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, “உங்க ஃப்ரெண்டுதான டீச்சர் இது?” என்று பெருமையாகக் கேட்டாள். யுவராணி தலையாட்டினாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். இவளா? பந்தயத்தில் என் முதுகைப் பார்த்தே ஓடியவளா?

அந்த மாசமே ஒரு போட்டியில் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் சுகிர்தத்தைச் சந்தித்தாள். பேச்சு ஃபர்ஹீனைப் பற்றித் திரும்பியது. சுகிர்தம் புகழ்ந்துகொண்டே போனாள். யுவராணியின் வாய் தானாகப் பேசியது.

“அந்தச் சர்டிபிகேட்ட நல்லா விசாரிச்சீகளா மேடம்? இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எதையும் அடிச்சு எடுத்துர்றாகளே.”

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசானதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

பதினைந்து நாள் கழித்து ஃபர்ஹீன் பள்ளி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“யாரோ என் சர்டிபிகேட் போலின்னு சொல்லிருக்காக யுவா. அமெரிக்காவுக்கு மெயில் போட்டுக் கேட்டுருக்காக, இன்னும் பதில் வரல. வர்ற வரைக்கும் மைதானத்துக்குள்ள வரவேண்டாம்னுட்டாக. போட்டி வேற நெருங்குது.”

யுவராணி அவளை வாசல் ஓரமாக நிழலுக்கு நகர்த்தினாள்.

“நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் எழுதுனத, ரிசல்ட்டு வந்தத எல்லாம் கூட இருந்து பாத்தவ நீதான். ஆனா சொன்னா...” ஃபர்ஹீன் தயங்கினாள். “நீயும் எழுதுனது வெளிய தெரிஞ்சுபோகும். ஒனக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்டி. நான் வேற வழி பாத்துக்கிறேன்.”

இப்போதும் என் மானத்தைத்தான் யோசிக்கிறாள். யுவராணிக்கு அவளை அறையவேண்டும்போல் இருந்தது. “நாளைக்கு வர்றேன்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கல்லூரி முதல்வர் அறையில் ஃபர்ஹீனோடு சுகிர்தமும் இருந்தாள். யுவராணி உட்காரவில்லை.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே ஹால்ல எழுதுனோம் சார். எனக்குக் காய்ச்சல்னு சொன்னது பொய். அவ பாஸ் பண்ணா, நான் ஃபெயிலாயிட்டேன். ரெண்டு ரிசல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம்.”

முதல்வர் சுகிர்தத்தைப் பார்த்தார். சுகிர்தம் யுவராணியைப் பார்த்தாள்.

“போலியா இருக்கும்னு எங்கிட்டச் சொன்னதே நீங்கதான டீச்சர்?”

ஃபர்ஹீன் மெதுவாகத் திரும்பினாள். யுவராணி அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். கம்பம் பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் ஃபர்ஹீன் கேட்டாள்.

“ஏன்டி?”

“நீ எனக்குப் பின்னாடி வர்றவ. எப்பவும் அப்பிடித்தான வந்த? தாங்க முடியல.”

ஃபர்ஹீன் அழவில்லை. “எனக்கு மட்டும் ரெண்டாவதா வர்றது இனிச்சுச்சுன்னு நெனச்சியா?” என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் பேச்சு இல்லை. அமெரிக்காவிலிருந்து பதில் வந்து ஃபர்ஹீன் வேலைக்குத் திரும்பினாள். அவள் அணி மண்டலப் போட்டியில் கோப்பை வாங்கியதையும் யுவராணி பேப்பரில்தான் படித்தாள். பொறாமை போய்விடவில்லை. ராத்திரி பாயில் படுத்தால் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஆனால் இப்போது அதை மறைக்க வேண்டியதில்லை; ஊரே சிரித்து ஓய்ந்துவிட்டது. அவள் புத்தகத்தை எடுத்தாள். தனியாகப் படித்தாள். திரும்பத் திரும்பக் கேட்க ஆள் இல்லாததால் தன்னையே கேட்டுக்கொண்டாள்; தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரிந்தது. 2009இல் தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதித் தேறினாள்.

யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தபோது ஒரே பெயர்தான் வந்தது. போன் செய்யவில்லை.

2010 கோடை விடுமுறையில் சுகிர்தம் கூப்பிட்டாள். ஃபர்ஹீனுக்குக் கோட்டயத்தில் ஒரு விளையாட்டு விடுதியில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு போகிறாள். அவள் இடத்துக்கு யுவராணி வரவேண்டும்.

“என்னையா? யாரு சொன்னா?”

“ஃபர்ஹீன்தான் சொன்னாக.”

யுவராணி அன்றே கம்பத்துக்குப் போனாள். வீடு முழுக்கக் கட்டிவைத்த சாமான். ஃபர்ஹீன் வாசலில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

“என் பேர எதுக்குடி சொன்ன?”

“ஒனக்காக ஒண்ணும் சொல்லல. யாராவது தெரியாதவுக வந்து, அந்தப் பிள்ளைக இடுப்ப ஒடச்சு விட்டுருவாக. இந்தப் பக்கத்துல இதப் படிச்சவ நீ ஒருத்திதான்.” பிறகு, “பாஸானவுக லிஸ்ட்ல ஒன் பேரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பாஸானதயாவது சொல்லிருக்கலாம்ல?” என்றாள்.

“எப்பிடிச் சொல்ல?”

“வாயாலதான்.”

உள்ளேயிருந்து அம்சத் பீவி, “யாரும்மா அது?” என்று குரல் கொடுத்தாள். “கூடப் படிச்சவ மாமி” என்றாள் ஃபர்ஹீன். சிநேகிதி என்று சொல்லவில்லை. யுவராணி அதைக் கவனித்தாள். நியாயம்தான் என்று பட்டது.

ஜூன் கடைசியில் யுவராணி அந்தக் கல்லூரி மைதானத்துக்கு முதல்முறையாகப் பயிற்சியாளராகப் போனாள். சுருளியம்மாள் என்ற பெண் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். முதுகு வளைந்தது.

“கம்பிய எறக்கு. நெஞ்ச நிமித்து, குதிகால ஊண்டு. இப்ப எந்திரி.”

பெண் எழுந்தாள். முகம் மலர்ந்தது. “ஃபர்ஹீன் மேடமும் இதத்தான் சொல்வாக மேடம். அவுக சொன்னா ஒடனே புரியும்.”

சுருக்கென்றது. பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே. யுவராணி விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமல் இறக்கினாள்.

“சரியாத்தான் சொல்லிருக்காக” என்றாள். “அடுத்து யாரு? வா.”